பட்டறைத் திண்ணை: உறுப்பு தானத்துக்கு ஒரு டிரக்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறு ஒரே விஷயத்தைப் பற்றியவை. வீட்டில் ஒரு பழைய வண்டி நிற்கிறது. அடிபட்ட பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி இதில் போட வேண்டும். எந்த டிரக்கை வாங்கலாம்? அமெரிக்காவில் இதை ‘டோனர் டிரக்’ என்பார்கள். உறுப்பு தானம் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், ஏசி, ஆல்டர்னேட்டர் சத்தம் பற்றிக் கேட்டவர்களை அடுத்த மாதத்துக்குத் தள்ளியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. நான் சங்ககிரியில் தாய்மாமாவின் லாரிப் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன். இப்போது ஹூஸ்டனில் வார நாளில் பம்ப் டிசைன், வார இறுதியில் கராஜ்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 1977 டட்சன் 280இசட் இருக்கிறது. செவர்லே 5.3 லிட்டர் வி8 போட ஆசை. வெறும் எஞ்சினைப் பலகையில் வைத்து விற்கிறார்கள். ஓடுகிற நிலையில் அடிபட்ட டிரக் கொஞ்சம் கூடுதல் விலைக்கே கிடைக்கிறது. எதை வாங்குவது, எதைப் பார்த்து வாங்குவது? (வாசகர், ஆஸ்டின்)

டிரக்கை வாங்குங்கள் தம்பி. பலகையில் இருக்கும் எஞ்சினை நான் வாங்கிப் பட்டவன்.

சில வருடங்களுக்கு முன் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு யார்டில் 2005-ஆம் வருட 6.0 லிட்டர் எஞ்சினைப் பார்த்தேன். கழுவித் துடைத்து, கல்யாணப் பெண் மாதிரி வைத்திருந்தார்கள். வீட்டில் இறக்கிய பிறகுதான் கவனித்தேன்: எஞ்சினின் வயர்க் கட்டான வயரிங் ஹார்னஸை ஒரு சாண் விட்டு மீதியைக் கட்டரால் நறுக்கியிருந்தார்கள். 2003-க்குப் பிறகு வந்த இந்த டிரக்குகளில் ஆக்ஸிலேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடலில் இருக்கிற சென்சார் ஒரு சின்னப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி எஞ்சின் கம்ப்யூட்டரைக் கலந்து பேசும். அப்புறம்தான் த்ராட்டில் திறக்கும். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். நான் பெடலை ஓரிடத்தில், பெட்டியை வேறிடத்தில் வாங்கிச் சேர்த்தேன். சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடியது. பெடலை மிதித்தால் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது. “இன்னும் அதுக்குக் கோபம் தீரலையா?” என்று வீட்டம்மா தினமும் கேட்டுவிட்டுப் போவார்.

முழு டிரக்கை வாங்கினால் அந்த ஹார்னஸ், கம்ப்யூட்டர், பெடல், சாவி, ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டீயரிங் பம்ப், அவற்றைப் பிடித்திருக்கும் பிராக்கெட், ஒவ்வொன்றின் போல்ட் என்று எல்லாம் கூடவே வரும். எஞ்சின் விலை உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தச் சில்லறைதான் பையைக் காலி செய்யும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஓடுகிற எஞ்சினைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம். பலகை எஞ்சின் வாயைத் திறக்காது.

எந்த டிரக்? உங்கள் பட்ஜெட்டுக்கு 1999 முதல் 2007 வரை வந்த செவர்லே சில்வராடோ 1500 அல்லது அதன் இரட்டைப் பிறவி ஜிஎம்சி சியேரா. 2007-இல் மட்டும் கவனம். அந்த வருடம் பழைய உடலை ‘கிளாசிக்’ என்ற பெயரில் விற்றுக்கொண்டே புது உடலையும் இறக்கினார்கள். உங்களுக்கு வேண்டியது பழையது. புது உடலில் வந்த 5.3-களில் பெரும்பாலானவை பெட்ரோல் மிச்சம் பிடிக்க ஓட்டத்திலேயே நான்கு சிலிண்டரை அணைத்துவிடும். 1, 4, 6, 7 ஆகியவைதான் தூங்கப் போகும். அதற்கென்று வைத்த தனி லிஃப்டர்கள், அதாவது வால்வைத் திறக்கக் கேம்ஷாஃப்ட் தள்ளும் துண்டுகள், மாட்டிக்கொண்டு அந்தக் கேம்ஷாஃப்டையும் தின்றுவிடுவது ஊரறிந்த கதை. சரிசெய்ய முடியாதது இல்லை. ஆனால் முதல் முறை கை வைப்பவருக்கு அந்தத் தலைவலி எதற்கு?

நேரில் போவதற்கு முன் விற்பவரிடம் இரண்டு படம் கேளுங்கள். ஒன்று, விண்ட்ஷீல்டு ஓரத்தில் தெரியும் விஐஎன், அதாவது வண்டியின் அடையாள எண். அதில் எட்டாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும். டி என்றால் சாதாரண 5.3, அதாவது எல்எம்7. இசட் என்றால் எத்தனாலும் குடிக்கும் 5.3. வி என்றால் 4.8. இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். 4.8-ம் 5.3-ம் வெளியே அச்சு அசல் ஒன்றுதான். பிளாக்கின் மேலேயே ‘4.8/5.3’ என்று இரண்டையும் சேர்த்துத்தான் வார்த்திருப்பார்கள். போர், அதாவது சிலிண்டரின் விட்டம், இரண்டுக்கும் 96 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் மட்டும் 4.8-இன் 83-க்குப் பதில் 5.3-இல் 92. விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம், எட்டாவது எழுத்துக்குத் தெரியும். அது பி என்றால் சத்தம் போடாமல் கிளம்பிப் போய் வாங்கிவிடுங்கள். 2005 முதல் 2007 வரை வந்த, அலுமினிய பிளாக் உள்ள 310 குதிரைத்திறன் 5.3 அது. வார்ப்பிரும்பைவிட நூறு பவுண்டு போலக் குறையும். ஆனால் அதைப் பெரும்பாலும் நான்கு சக்கர இழுவை வண்டியில்தான் வைத்தார்கள். அந்தச் சிக்கலைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது படம், டேஷ்போர்டு டிராயரைத் திறந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை ஸ்டிக்கர். மூன்று எழுத்துக் குறிகளாக நிறைந்திருக்கும். அதுதான் வண்டியின் ஜாதகம். எம்30 என்றால் 4எல்60இ கியர்பாக்ஸ், எம்டி1 என்றால் அதைவிடத் தடியான 4எல்80இ. ஜிடி4 என்றால் கிரவுன் (பின் ஆக்ஸிலின் பல் விகிதம்) 3.73, ஜியு6 என்றால் 3.42. கிரவுன் உங்களுக்கு வேண்டியதில்லை. 280இசட்டில் பின்சக்கரம் தனித்தனியாக ஆடும் அமைப்பு, அதில் டட்சனின் ஆர்200 டிஃபரன்ஷியலே இருக்கிறது. டிரக்கின் ஆக்ஸிலை விற்றுக் காசாக்குங்கள்.

இனி நேரில். காலையில் போங்கள், எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பேச்சுக் கொடுக்காமல் பானெட்டைத் திறந்து புறங்கையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இரும்புக் குழாய்) அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். என் மாமா லாரி பார்க்கப் போனால் இதைத்தான் முதலில் செய்வார், விலை பேசுவதெல்லாம் அப்புறம். சூடாக இருந்தால் சூட்டில் மறையும் ஒரு சத்தத்தை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள்.

நான் இப்போது வைத்திருக்கும் 2004 சில்வராடோவை பாசடீனாவில் ஒரு வீட்டுச் சந்தில் பார்த்தேன். பின்னால் யாரோ இடித்து டெயில்கேட் டபிள்யூ வடிவில் மடங்கியிருந்தது. மேனிஃபோல்டு ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் இடது பக்கம் கடைசி சிலிண்டர் ஓரம் ‘டிக் டிக் டிக்’. வந்திருந்த நண்பர் முகம் சுருங்கிவிட்டது. நான்கு நிமிடம் காத்திருந்தோம். சத்தம் தேய்ந்து நின்றது. மேனிஃபோல்டின் கடைசி போல்ட் ஒடிந்திருந்தது, அவ்வளவுதான். குளிரில் இடைவெளி வழியாகப் புகை சீறும், இரும்பு சூடேறி விரிந்ததும் அடைத்துக்கொள்ளும். இந்த எஞ்சின்களுக்கு அது பிறவிக் குணம். அதைக் காட்டி இருநூறு டாலர் குறைத்தேன். சூடானதும் போகும் லேசான பிஸ்டன் தட்டலும் அப்படித்தான், உயிருக்கு ஆபத்தில்லை. சூடாகச் சூடாகக் கனக்கிற, கீழிருந்து வரும் ‘டொக் டொக்’ வேறு சமாச்சாரம். அது கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆயில் பிரஷர் முள்ளை நம்ப வேண்டாம். 2003 முதல் 2006 வரையான இந்த டிரக்குகளின் மீட்டரில் முள்ளை நகர்த்தும் குட்டி மோட்டார்கள் வரிசையாகச் சாகும். வேகமே இல்லாமல் 80-ஐக் காட்டும், பிரஷர் இருந்தும் பூஜ்யத்தைக் காட்டும். கையில் ஒரு மெக்கானிக்கல் கேஜ் கொண்டுபோவது உத்தமம். ஆனால் அதே மீட்டரில் ஒரு நல்ல விஷயமும் ஒளிந்திருக்கிறது. சாவியை அணைத்துவிட்டு ட்ரிப் பட்டனை நான்கைந்து விநாடி அழுத்திப் பிடித்தால், எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். மைலை அந்த மணியால் வகுத்துப் பாருங்கள். என் வண்டி 1,68,000 மைல், 4,900 மணி. மணிக்கு 34 மைல் சராசரி, நெடுஞ்சாலையில் ஓடிய வண்டி. அதற்கு முந்தின வாரம் பார்த்த இன்னொன்று 1,10,000 மைல்தான், ஆனால் 9,000 மணி. சராசரி 12 மைல். எண்ணெய் வயல் வேலைக்குப் போய் ஏசிக்காக நாளெல்லாம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்த வண்டி. மைல் குறைவு என்று அதைத்தான் கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

ஆயில் மூடியைக் கழற்றி அடியில் மோர் மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். 2001 முதல் 2006 வரை வந்த 706 எண் ஹெட்களில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) ஒரு பகுதி, வார்ப்பிலேயே மெலிதாக விரிசல் விட்டு கூலன்ட்டை உள்ளுக்குள் குடிக்கும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைகிறது என்று விற்பவர் வாய் தவறிச் சொன்னால், அதுதான்.

கியர்பாக்ஸுக்கு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். முன்னால் மட்டும் ஓட்டிப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. 4எல்60இ-யில் உள்ளே சன் ஷெல் என்று ஒரு தகட்டுக் கிண்ணம் இருக்கிறது. அது உடைந்தால் ரிவர்ஸ், இரண்டு, நான்கு மூன்றும் ஒன்றாகப் போகும். ஒன்றிலும் மூன்றிலும் வண்டி சாதுவாக நகரும். நான்கு சக்கர இழுவை வண்டியில் இதே கியர்பாக்ஸுக்கு வால் வேறு. பின்னால், முன்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் உட்காரும், அதனால் அவுட்புட் ஷாஃப்ட் குட்டை. உங்கள் காருக்கு அப்படியே பயன்படாது. ஆகவே இருசக்கர இழுவை டிரக்கே பாருங்கள். அலுமினிய எஞ்சின் ஆசை இருந்தால் கியர்பாக்ஸுக்குத் தனிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடி எங்கே பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். பின்னாலோ பெட்டியின் பக்கவாட்டிலோ என்றால் நல்லது. முன்னால் அடி என்றால் கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், பிராக்கெட் எல்லாம் சந்தேகம். உருண்ட வண்டி வேண்டவே வேண்டாம். தலைகீழாகக் கிடந்தபடி எத்தனை நேரம் எஞ்சின் ஓடியது என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளம் பார்த்த வண்டியும் அப்படித்தான். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை முக்கி எடுத்தபோது எங்கள் தெருவிலேயே டிரக்குகள் சீட்டு வரை தண்ணீரில் நின்றன. அப்படிப்பட்ட வண்டி மாநிலம் மாறி, காகிதம் சுத்தமாகி மறுபடி சந்தைக்கு வருவதுண்டு. சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தைத் தடவுங்கள், டேஷுக்குக் கீழே ஒரு கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வேண்டாம். கியர்பாக்ஸ் ஆயில் ஸ்ட்ராபெர்ரி மில்க் மாதிரி இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக உங்கள் காருக்கென்று இரண்டு விஷயம். டிரக்கின் இன்டேக் மேனிஃபோல்டு உயரம் அதிகம், 280இசட்டின் சரிந்த பானெட்டுக்குள் அடங்காது. கார் வகை மேனிஃபோல்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். டிரக்கின் ஆயில் சம்ப்பும் ஆழம், ஸ்பீடு பிரேக்கர் ஒன்றில் உரசினால் கதை முடிந்தது. பழைய கமாரோ வகைச் சம்ப்தான் வழக்கமாகப் போடுவது. மற்றபடி எடையை நினைத்துப் பயப்பட வேண்டாம், உங்கள் காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினும் வார்ப்பிரும்பு பிளாக்தான்.

கேள்வி: 1972 செவர்லே சி10 டிரக் வைத்திருக்கிறேன். 5.3 போதும் என்கிறார் நண்பர், 6.0-க்கு என் மனம் அலைகிறது. டோனர் டிரக்கின் பின் ஆக்ஸிலையும் சேர்த்துப் போடலாமா? (வாசகர், டல்லாஸ்)

உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள், ஆனால் பர்ஸையும் கேளுங்கள். 6.0 பெரும்பாலும் முக்கால் டன், ஒரு டன் என்று சொல்லும் கனரக டிரக்குகளில் வந்தது. விஐஎன்னில் எட்டாவது எழுத்து யு. கூடவே 4எல்80இ கியர்பாக்ஸ் வரும் வாய்ப்பு அதிகம், அது யானை மாதிரி உழைக்கும். ஆனால் இந்த டிரக்குகள் டிரெய்லர் இழுத்தே வயதானவை. முதல் கேள்விக்குச் சொன்ன மணிக் கணக்கை இங்கே கட்டாயம் பாருங்கள். 1999, 2000 வருட 6.0-ஐத் தொடாதீர்கள். அவற்றில் ஹெட்டும் வார்ப்பிரும்பு, கிராங்கின் பின் விளிம்பும் மற்றவற்றைவிட நீளம். பிற்பாடு கியர்பாக்ஸ் மாற்ற நினைத்தால் பொருந்தாமல் படுத்தும்.

5.3-க்கே உங்கள் டிரக் துள்ளும். 2000-களின் தொடக்கத்தில் அது 285 குதிரைத்திறன், கடைசியில் 295. இத்தனைக்கும் அது சாதுவாக வேலைக்குப் போகிற டிரக்குக்கென்று வைத்த கேம்ஷாஃப்டோடு. கேம் ஒன்றை மாற்றினாலே ஆள் வேறாகிவிடும்.

பின் ஆக்ஸில் வேண்டாம். சில்வராடோ ஆக்ஸிலுக்குச் சக்கரத்துக்கு ஆறு நட்டு, உங்களுக்கு ஐந்து. அது பட்டை ஸ்ப்ரிங்குக்காக வார்த்தது, உங்கள் சி10-இல் பின்னால் காயில் ஸ்ப்ரிங். அகலமும் கூடுதல், டயர் ஃபெண்டருக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்பீடோமீட்டருக்கு மட்டும் இப்போதே யோசித்து வையுங்கள். உங்களுடையது கேபிளில் ஓடுவது, புது கியர்பாக்ஸ் மின்சாரத்தில் சொல்வது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் பெட்டி வாங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பதினேழு வயது மகன் அடிபட்ட டிரக் ஒன்றை வாங்கி வந்து கராஜில் பிரிக்கப் போகிறானாம். அப்பா “விடு, கத்துக்கட்டும்” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு அம்மா, ஹூஸ்டன் கேட்டி பகுதி)

பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் நீங்கள் பயப்படுவது எஞ்சினைப் பார்த்து என்று நினைக்கிறேன். பயப்பட வேண்டியது ஜாக்கியைப் பார்த்து. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும், ஒரு நிமிடத்துக்குக்கூட, படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் பட்டறையில் மரக்கட்டையை இரண்டாவது காவலாகப் போடுவோம். நான் இன்றும் கழற்றிய சக்கரத்தை ஓரத்தில் படுக்க வைக்கிறேன்.

கராஜ் வாசலில் நின்று இரண்டு கேள்வி கேளுங்கள். பெட்ரோல் லைனைக் கழற்றுவதற்கு முன் பிரஷரை இறக்கினாயா? அது 58 பிஎஸ்ஐ, கண்ணில் பீய்ச்சும். ஏசி வாயுவை எங்கே எடுத்தாய்? அதைக் காற்றில் திறந்துவிடுவது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம். பிரிப்பதற்கு முன் டிரக்கை ஏசி கடைக்கு எடுத்துப்போய் ஆர்-134ஏ வாயுவை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டுக்கும் பையன் தயங்காமல் பதில் சொன்னால் அவனை நம்பலாம். எஞ்சினைத் தூக்கும் நாள் மட்டும் அப்பாவும் கூட நிற்க வேண்டும். ஐநூறு பவுண்டுக்கு மேலே தொங்கும்.

வண்டிக் காகிதம் உங்கள் வேலை. டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், கையில் வராமல் டிரக் வீட்டுக்கு வரக் கூடாது. மிச்ச எலும்புக்கூட்டை ஸ்க்ராப்புக்குக் கொடுக்கும்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அப்புறம், குடியிருப்புச் சங்கம் இருக்கிற தெரு என்றால் எலும்புக்கூடு டிரைவ்வேயில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குத்தான் கடிதம் வரும்.

போல்ட்களை ஜிப் பையில் போட்டு, எதன் போல்ட் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் சமையலறையில் ஃப்ரீசர் பை குறைந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: நானும் 280இசட்காரன்தான், 1976 மாடல். ஆனால் கலிபோர்னியா. ஸ்மாக் (புகை) பரிசோதனையில் என்ன செய்வார்கள்? (வாசகர், சான் ஹோசே)

ஒரு வருடத்தில் தவறவிட்டீர்கள். கலிபோர்னியாவில் 1975 வரையான பெட்ரோல் கார்களுக்கு ஸ்மாக் இல்லை, 1976-இலிருந்து உண்டு. டெக்சாஸ்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. இங்கே 24 வருடத்தைத் தாண்டிய காரை எமிஷன் டெஸ்ட்டுக்கே கூப்பிட மாட்டார்கள்.

உங்களுக்கு விதி இது. போடும் எஞ்சின் காரின் வருடத்துடையதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சாமான் ஒன்று விடாமல் கூடவே வர வேண்டும்: கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், ஆக்சிஜன் சென்சார்கள், பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா, எல்லாம். வேலை முடிந்ததும் மாநிலத்தின் ‘ரெஃப்ரி’ என்ற பரிசோதகர் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் சாதாரண ஸ்மாக் கடை உங்களைத் தொடும். கனரக வண்டிக்குச் சான்று பெற்ற எஞ்சினை இலகு வண்டியில் போட விட மாட்டார்கள், கொள்ளளவு ஒன்றாக இருந்தாலும் சரி. அதனால் முக்கால் டன் டிரக்கின் 6.0 உங்களுக்கு இல்லை. டோனரைப் பார்க்கும்போது பானெட்டுக்கு அடியில் இருக்கும் எமிஷன் ஸ்டிக்கரைப் படம் எடுத்து, வாங்கும் முன்பே ரெஃப்ரியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. டிரக்குக்கு அடியில் குனிந்து கன்வர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த உயரமான டிரக்குகளுக்கு அடியில் திருடன் ஜாக்கிகூட இல்லாமல் படுத்து அறுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

கேள்வி: எல்லாரும் செவர்லே, செவர்லே என்கிறார்களே, ஃபோர்டு எஃப்-150-இன் 5.0 லிட்டர் கயோட்டி எஞ்சின் ஆகாதா? (வாசகர், ட்ராய், மிச்சிகன்)

ஃபோர்டு ஊருக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள், அப்படித்தான் கேட்பீர்கள். எஞ்சின் அருமையானது. 2011-இல் எஃப்-150-க்கு 360 குதிரைத்திறனோடு வந்தது. அதே வருட மஸ்டாங்கில் 412. டிரக்குக்கு கம்ப்ரஷனைக் குறைத்து கேம்களையும் மாற்றியிருந்தார்கள். சிக்கல் அகலம். ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு கேம்ஷாஃப்ட் என்பதால் தலை பெருத்து நிற்கும். செவர்லேயில் ஒரே கேம், அதுவும் பிளாக்குக்குள்ளே. அதனால்தான் அது சந்து பொந்தெல்லாம் நுழைகிறது. உங்களுடையது பழைய ஃபோர்டு டிரக் என்றால் தாராளமாகக் கயோட்டி போடுங்கள். சின்ன ஜப்பான் கார் என்றால் முதலில் டேப்பை எடுத்து ஸ்ட்ரட் டவர்களுக்கு (முன்சக்கர சஸ்பென்ஷனை மேலே பிடித்திருக்கும் மேடுகள்) இடையே அளந்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், உங்கள் பகுதியை இங்கேதான் பார்த்தேன். ஊரில் என் பழைய மஹிந்திரா ஜீப்பில் இதுபோல வேறு கம்பெனியின் பெரிய எஞ்சின் போடலாமா? (வாசகர், கோவையிலிருந்து)

ஐயா, போடுகிற கை நம் ஊரில் நிறைய இருக்கிறது. சட்டம்தான் விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. எஞ்சின் பழுதாகி அதே வகை எஞ்சினை மாற்றுவது என்றால் ஆர்டிஓ-வின் அனுமதி வாங்கி, ஆர்சி புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணை ஏற்றிக்கொள்ளலாம். எண்ணை ஏற்றாமல் ஓட்டினால் விபத்து நடக்கும் அன்று இன்சூரன்ஸ்காரர் பானெட்டைத்தான் முதலில் திறப்பார்.

ஊருக்குத் திரும்புவதற்குள் ஒரு சனிக்கிழமை ஹூஸ்டன் பக்கம் வந்தால் ஆசிரியர் குழு மூலம் சொல்லி அனுப்புங்கள். அந்த 2004 டிரக்கிலிருந்து எஞ்சினை இறக்கப் போகிறோம். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு, ஃபில்டர் காபியும் தருகிறேன்.